இந்த அறையில் கிளைமொழி பேசுபவர் யாரும் இல்லை

பெருமாள்ராஜின் வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த அறுபத்து மூன்று பேரில் அவனுடைய ஆய்வேட்டைப் படித்தவர் ஒருவர்தான். அவர் சென்னையிலிருந்து வந்த புறத்தேர்வாளர் வைத்தீஸ்வரன். மீதி அறுபத்திரண்டு பேரும் சாப்பாட்டுக்கு வந்திருந்தோம்.

முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் எழுதியதை ஒருவன் கடைசியில் அரை மணி நேரம் மேடையேறிச் சொல்ல வேண்டும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்று சுற்றறிக்கை சொல்லும். அப்படி யாராவது நிஜமாகவே கேட்டுவிட்டால் என்ன ஆவது? அதற்காக முந்தின நாளே கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி நண்பர்களிடம் கொடுத்துவிடுவது எங்கள் பாளையங்கோட்டைக் கல்லூரியின் வழக்கம். எனக்கு வந்த சீட்டில் “இந்த ஆய்வின் சமூகப் பயன் என்ன?” என்று இருந்தது. பின்பக்கத்தில் பதிலும் இருந்தது. அவன் மறந்துவிட்டால் நான் எடுத்துக் கொடுக்க.

நான் இசக்கிதுரை. அதே தமிழ்த்துறையில் அவனுக்கு இரண்டு வருடம் இளைய ஆய்வு மாணவன். ஊர் பாபநாசம். ஊர்ப்பெயரை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வெட்கமாக இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் “முனைவர்” என்று ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தால், எங்கள் கல்லூரியின் மாலைப் பிரிவில் காலியாக இருந்த உதவிப் பேராசிரியர் வேலை பெருமாள்ராஜுக்கு. கொண்டுவராவிட்டால் செயலாளரின் சகலை மகனுக்கு. சகலை மகனிடம் காகிதம் ஏற்கெனவே இருந்தது. அவன் சாப்பாட்டுக்கும் வந்திருந்தான், முதல் வரிசையில்.

பெருமாள்ராஜுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா சுடலைவடிவைப் பார்த்தால் போதும். முப்பது வருடம் மாஞ்சோலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எஸ்டேட்டை மூடி இரண்டாயிரத்து இருபத்து நாலில் எல்லாரையும் கீழே இறக்கியபோது இவர்களும் இறங்கினார்கள். இப்போது விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில் வாடகை வீடு. மலையில் பறித்த கைக்குச் சமவெளியில் பறிக்க எதுவும் இல்லை என்பதால் அவர் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மகன் பேராசிரியரானால் போக வேண்டாம்.

ஆய்வின் தலைப்பு: “தாமிரபரணிக் கரைக் கிளைமொழிகள் நான்கு”. மேலப்பாளையம், திருநெல்வேலி டவுன், கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் என்று நான்கு ஊர், நான்கு இயல். மாஞ்சோலைக்காரன் ஏன் மாஞ்சோலையை விட்டுவிட்டான் என்று கேட்கலாம். அவன் விடவில்லை. முதல் வருடமே எழுதிக்கொண்டு போனான். நெறியாளர் காசிலிங்கம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மொழின்னா என்ன, கிளைமொழின்னா என்ன, பேச்சுன்னா என்ன? மூணையும் சொல்லு பாப்போம்.”

சொன்னான்.

“மாஞ்சோலையில இருக்கது மூணுமில்ல. கீழ இருந்து கொஞ்சம் பேரு ஏறினான், மேற்க இருந்து கொஞ்சம் பேரு வந்தான். பாதி நம்மது, பாதி மலையாளம். அது கலப்படம். கலப்படத்த வச்சு எவனும் பட்டம் வாங்க முடியாது. நல்ல கிளைமொழியா நாலு பாத்துக் கொண்டு வா.”

அன்றிலிருந்து பெருமாள்ராஜ் துறைக்குள் தன் வீட்டுப் பேச்சைப் பேசியதில்லை. அவன் தண்ணீர் கேட்டால்கூட வானொலியில் செய்தி வாசிப்பது போல இருக்கும். “துரை, அந்தக் குவளையை எடுத்துத் தர இயலுமா?” என்பான். அம்மாவிடமிருந்து போன் வந்தால் இரண்டு மாடி இறங்கி, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பேசுவான்.

காசிலிங்கம் அவனுக்கு ஒரு விதிப்பட்டியலும் கொடுத்திருந்தார். மொழி பற்றித் தகவல் சொல்கிறவர் அறுபது வயது தாண்டியவராக இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் போயிருக்கக் கூடாது, ஊரை விட்டு வெளியே போயிருக்கக் கூடாது, ஆணாக இருக்க வேண்டும், முன்பற்கள் இருக்க வேண்டும். பல் போனால் உச்சரிப்பும் போய்விடுமாம். இந்த ஐந்தும் அமைந்த ஓர் ஆள் திருநெல்வேலிப் பக்கம் பிறந்திருந்தால் அவர் இருபது வயதிலேயே பம்பாய்க்கு ரயில் ஏறியிருப்பார்.

இருந்தாலும் பெருமாள்ராஜ் தேடினான். படிவமும் ஒலிப்பதிவுக் கருவியுமாக நான்கு ஊரிலும் வீடு வீடாக ஏறினான். படிவத்தைக் கண்டதும் சனம் வாசலில் கூடிவிடும். எந்தத் திட்டம், யாருக்குக் கிடைக்கும், போன தடவை விட்டுப்போனதற்கு இதில் சேர்த்து எழுதலாமா என்று கேட்கும். திட்டம் இல்லை, மொழி ஆய்வு என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள். மிச்சப் பேர் முதுகை நிமிர்த்திக்கொண்டு அவனைவிடச் சுத்தமாகப் பேசுவார்கள். “நாங்கள் நலமாக இருக்கின்றோம்” என்று ஒரு ஆடு மேய்க்கிறவர் சொன்னது இன்னும் அந்தக் கருவியில் இருக்கிறது. அரிசி புடைக்கிற சுளகின் படத்தைக் காட்டி, இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டதற்கு ஒரு அம்மாள் சொன்ன பதில்தான் நான் இதுவரை கேட்டதிலேயே பொறுப்பான பதில்:

“புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதையே எழுதிக்கிடுங்க தம்பி. எங்களால உங்களுக்கு ஒரு தப்பு வந்திரக் கூடாது.”

ஏழு மாதம் இப்படிப் போனது. கடைசியில் ஒருநாள் பாபநாசம் போகிற தனியார் பஸ்ஸில் அவனும் நானும் தொற்றிக்கொண்டு நின்றபோது, நடத்துநர் சுடலைக்கண்ணுவின் வாயைக் கவனித்தோம். மேலப்பாளையத்தில் ஏறியவரிடம் ஒரு பேச்சு, கல்லிடைக்குறிச்சியில் ஏறியவரிடம் வேறு பேச்சு. குரல், இழுப்பு, மரியாதை எல்லாம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாறின. இருபத்திரண்டு வருடமாக அதே தடம். முன்பற்கள் இருந்தன.

பெருமாள்ராஜ் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்த மாதம் முழுக்க சுடலைக்கண்ணுவின் வாரவிடுப்பில் ஒரு ஊர் வீதம், நின்ற பஸ்ஸுக்குள் உட்காரவைத்துப் பதிவு செய்தான். நான்கு ஊரும் நான்கு செவ்வாய்க்கிழமையில் முடிந்தன. ஆய்வேட்டின் பின்னிணைப்பில், “தகவலாளிகள் நால்வர். தனியுரிமை கருதிப் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன” என்று எழுதினான். பெயரை மட்டும்தான் மாற்றினான் என்று படிக்கிறவர் நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு.

காசிலிங்கம் ஆய்வேட்டில் முன்னுரைக்கு முந்தின நன்றிப் பக்கத்தைப் படித்தார். தன் பெயருக்கு முன்னால் “ஆய்வுச்செம்மல்” விட்டுப்போயிருந்ததைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

பெருமாள்ராஜ் அழகாகத்தான் பேசினான். திரையில் ஆற்றின் வரைபடம், அதில் நான்கு வட்டம், நான்கு நிறம். மொழி என்பது மரம், கிளைமொழி என்பது கிளை என்று காசிலிங்கத்தின் பிரியமான படத்தையும் போட்டான். காசிலிங்கம் தன் பிள்ளையைப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பார்க்கிற முகத்தோடு இருந்தார். பிறகு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிமிட ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினான்.

வைத்தீஸ்வரன் நான்கையும் கண்ணை மூடிக் கேட்டார்.

“நான்கு ஊரிலும் ஒரே விசில் சத்தம் கேட்கிறதே?”

“தகவலாளிகளின் இல்லங்கள் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி அமைந்திருந்தன, ஐயா.”

“நால்வர் இல்லமுமா?”

“நான்குமே, ஐயா.”

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். காசிலிங்கம் அவசரமாக, “இனி அவையோர் வினவலாம்” என்றார். நான் சீட்டைப் பிரித்தேன். எழுவதற்குள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் எழுந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் துண்டு. காக்கி இல்லாமல் பார்த்ததால் எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்சம் பிந்திவிட்டது. சுடலைக்கண்ணு. நன்றி மறக்கக் கூடாது என்று பெருமாள்ராஜ் அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். ஐந்து வருட ஆய்வில் அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

“தம்பி, ஒரு சந்தேகம். நான் பேசுனதுல நாலு ஊரத்தான் போட்டிருக்கிய. வீரவநல்லூரும் சேரன்மாதேவியும் எனக்கு நல்லா வரும். அதுக்கு எப்ப வரணும்?”



“‘நான் பேசுனது’ என்றால்?” என்றார் வைத்தீஸ்வரன்.

“இப்பப் போட்டாகளே சார், அது நாந்தான்.”

“எது?”

“எல்லாந்தான். நம்ம வண்டிக்குள்ள வச்சுத்தான் பதிஞ்சோம். ஒவ்வொரு ஊரு பேசையிலயும் டிரைவரு வெளயாட்டுக்கு விசிலடிச்சுட்டான். நான் அப்பமே சொன்னேன், அழிச்சிருங்க தம்பின்னு.”

பெருமாள்ராஜ் திரையைப் பார்த்தபடி நின்றான். திரையில் மரம் இருந்தது. பின்வரிசையில் அவன் அம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம், “என்ன சொல்லுதாவ?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. முதல் வரிசையில் சகலை மகன் கால் மேல் கால் போட்டான்.

வைத்தீஸ்வரன் மேசையில் தட்டினார். சென்னையில் நாற்பது வருடம் இருந்தவர். வகுப்பிலும் மேடையிலும் பொதுத்தமிழைத் தவிர வேறெதுவும் பேசாதவர் என்று அவரைப் பற்றிக் காசிலிங்கம் வரவேற்புரையில் சொல்லியிருந்தார். இப்போது கோபம் வந்துவிட்டது.

“இதென்ன கூத்து! ஒரே மனுஷன் நாலு ஊரா ஆயிடுவானோ? இதை வச்சுண்டு நான் எப்படி பட்டம் குடுக்கறது?”

சுடலைக்கண்ணு பயப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“சாருக்கு நம்ம கல்லிடைக்குறிச்சியா? எந்தத் தெரு?”

“நான் சென்னை.”

“இப்பம் சென்னை. வண்டி ஏறுனது எங்கன?”

யாரோ சிரித்தார்கள். காசிலிங்கம் “ஏ, உக்காரும்வே” என்றார். சுடலைக்கண்ணு உட்காரவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே கல்லூரி நாகரிகம்.

“இதுல ஏமாத்து என்ன சார் இருக்கு? அறுவது பேரு வண்டியில நூத்திருவது பேரு நிப்பான். படியில தொங்குதவன உள்ள தள்ளணும். ‘உள்ளே செல்லவும்’னு பெயிண்டால எழுதிப் போட்டிருக்கு. எவனாவது போறானா? அவன் வீட்டுல எப்பிடிப் பேசுதாகளோ அப்பிடிச் சொன்னாத்தான் காலு நவுரும். மேலப்பாளையத்துல அண்ணன்னா காக்கா, அக்கான்னா லாத்தா. ‘காக்கா, கொஞ்சம் உள்ள வாங்க, பின்னால லாத்தா நிக்காக’ம்பேன். கல்லிடைக்குறிச்சியில ‘மாமா, செத்த நகந்துக்கோங்கோ, உள்ள காத்தோட்டமா இருக்கு’ம்பேன். டவுன்காரவுக மரியாதைக்கு அலைவாக. ‘அண்ணாச்சி, நீங்களே இப்பிடி நிக்கலாமா?’ன்னா போயிருவாக.”

“பாபநாசம்?” என்று ஒரு குரல். என்னுடைய வகுப்புத்தோழன் ஒருவன், வேண்டுமென்றே.

“அங்க ஏறுதவன்ட மரியாதையெல்லாம் செல்லாது. ‘ஏல மூதி, அங்கன என்னல வேடிக்க பாக்க, உள்ள போலே’ம்பேன். சிரிச்சுக்கிட்டே போயிருவான்.”

அறை முழுக்கச் சிரித்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

வைத்தீஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. ஆய்வேட்டைப் புரட்டி மூன்றாம் இயலுக்குப் போனார். “கல்லிடைக்குறிச்சிக் கிளைமொழி” என்று தலைப்பு. மூன்று மாதத்துக்கு முன்னால் அதே இயலைப் படித்து, “செம்மையாக அமைந்துள்ளது” என்று எழுதி அனுப்பியவர் அவர்தான். அப்போது அது யாரோ பேசுவது.

“மத்தது இருக்கட்டும்,” என்றார். “இதை எப்படி கிளைமொழின்னு போட்டேள்?”

 தகவலாளி ஒருவரா நால்வரா என்ற கேள்விக்குப் பெருமாள்ராஜின் மனதில் ஏதோ பதில் தயாராகிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வி அவன் எழுதிக் கொடுத்த சீட்டு எதிலும் இல்லை.

“ஐயா, ஒலிமாற்றங்களின் அடிப்படையில்...”

“சங்கீதம், சாஸ்திரம், வக்கீல் உத்தியோகம்னு இந்தப் பாஷையில ஆகாத காரியம் உண்டோ? நாலு தலைமுறையா எல்லாரும் படிச்சவா. அவா பேசறது கிளையா? கொஞ்சம் சுருக்கிப் பேசின இலக்கியத் தமிழ் சார் அது. அதை எடுத்துடணும். மீதி மூணும் கிளைமொழிதான், அதுல எனக்கு ஆட்சேபம் இல்லை.”

ஒரே மனிதன் நாலு ஊராக ஆன விஷயம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏனென்றால் காசிலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் டவுனில், ரத வீதியில், பிறந்து வளர்ந்தவர்.

“மீதி மூணுன்னா டவுனும் சேத்தா?”

“பின்னே?”

“ஐயா தப்பா நினைக்கக் கூடாது. நெல்லைத் தமிழ்னு உலகம் எதச் சொல்லுது? டவுன்ல பேசுறதத்தான். அதுல இருந்து பிரிஞ்சு போனதுதான் மத்த ஊருப் பேச்செல்லாம். இது மரம். மரத்தப் போயி கிளைன்னு எழுதுவானா ஒருத்தன்?” பெருமாள்ராஜ் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, என்கிட்ட காட்டாம ரெண்டாம் இயல எப்பிடிச் சேத்த?”

இரண்டாம் இயலின் ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது.

“டவுனை எடுத்துவிடுகிறேன், ஐயா,” என்றான் பெருமாள்ராஜ்.

வைத்தீஸ்வரன் திருத்தப் பட்டியல் என்று தலைப்பிட்டு இரண்டு வரி எழுதினார். அப்போது பக்கவாட்டு நாற்காலியிலிருந்து ஆபிதா பீவி எழுந்தார். கல்லூரி நூலகர். இருபது வருடமாக எல்லாருடைய ஆய்வேட்டையும் அட்டை போட்டு அடுக்கி வைத்திருப்பவர். யாரும் அவற்றை எடுத்துப் படிக்க வராததால் எல்லாம் புதுக்கருக்குக் கலையாமல் இருப்பதாகச் சொல்லுவார்.

“சார், அப்ப மேலப்பாளையம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“உங்களதுல அரபு வார்த்தை நிறைய...” என்று காசிலிங்கம் ஆரம்பித்தார்.

“ஐயாவோடதுல சமஸ்கிருதம் இல்லையா? நீங்க காலையில இருந்து பேசுனதுல பாதி இங்கிலீஸு. எங்க உம்மா பேசுறதக் கீழ்த்தட்டுல வைக்கச் சொல்லி ஒரு புஸ்தகம் எங்கிட்ட வந்தா, நான் அத ரிஜிஸ்டர்ல ஏத்த மாட்டேன். நூலகத்துக்குப் பெற்றுக்கொண்டோம்னு எங்கையெழுத்து இல்லாம பட்டம் எப்பிடிப் போகும்னு பாக்கேன்.”

அந்தக் கையெழுத்து இல்லாமல் பட்டம் போகாது. எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது வரி எழுதப்பட்டது.

இப்போது பட்டியலைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் இருப்பது மூன்று மொழியும் ஒரே ஒரு கிளைமொழியும். அந்தக் கிளைமொழி எங்கள் வீட்டில் பேசுவது.

பெருமாள்ராஜ் என்னைப் பார்த்தான். பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. இதுவாவது மிஞ்சட்டும் என்று. ஒரு கிளைமொழி மிஞ்சினால் தலைப்பை ஒருமையாக்கிவிட்டுத் தப்பித்துவிடலாம். எனக்கு அது புரிந்தது. மூன்று வருடம் அவனோடு ஒரே தட்டில் பரோட்டா பிய்த்தவன் நான். அவன் அம்மா பின்னால் இருப்பதும் தெரியும், திங்கட்கிழமை தெரியும், சகலை மகன் தெரியும்.

பின்னாலிருந்து வகுப்புத்தோழன் மெதுவாக, “ஏல மூதி, உள்ள போலே” என்றான்.

நான் எழுந்தேன். துண்டுச்சீட்டு கையில்தான் இருந்தது. சமூகப் பயனைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

“ஐயா, பாபநாசத்தில் பேசப்படுவதைக் கிளைமொழி என்று கொள்ள முடியுமா என்பது எனக்கு ஐயமாக இருக்கிறது. ஆறு அங்கேதான் மலையிலிருந்து இறங்குகிறது. ஆற்றோடு சேர்ந்துதானே பேச்சும் கீழே வந்திருக்கும்? ஆகவே மற்ற மூன்றும் மொழி என்றால் இது மூலமொழி.”

இவ்வளவு முட்டாள்தனமான ஒரு வாதத்தை நான் அதுவரை எங்கள் துறை ஆசிரியர்களின் வாயில்தான் கேட்டிருந்தேன். அதனாலேயே அது எடுபட்டது. காசிலிங்கம் தலையாட்டினார். வைத்தீஸ்வரன் நான்காவது வரியை எழுதினார். பெருமாள்ராஜ் என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

மணி ஒன்று. சமையல்காரர் கதவுப் பக்கம் தலையை நீட்டி இலை போடலாமா என்று சைகை காட்டினார்.

வைத்தீஸ்வரன் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். “கிளைமொழிகள்னு தலைப்பு. உள்ளே ஒரு கிளைமொழியும் இல்லை. இதுக்கு நான் எப்படி பட்டத்துக்குப் பரிந்துரை பண்றது? ஒண்ணாவது வேணுமே.”

“ஒண்ணு போதும் ஐயா,” என்றார் காசிலிங்கம். “யாரும் ஆட்சேபம் சொல்லாத ஊரா ஒண்ணு பாத்துருவோம்.”

திரையில் ஆற்றின் வரைபடத்தைத் திரும்பப் போட்டார்கள். காசிலிங்கம் சுட்டுக்கோலைக் கையில் எடுத்தார். சேரன்மகாதேவி என்றதும் அலுவலகக் கண்காணிப்பாளர் இருமினார், அவருக்குப் பெண் எடுத்த ஊர். வீரவநல்லூர் என்றதும் மூன்றாவது வரிசையில் ஒரு பேராசிரியை கைப்பையைத் தோளில் மாட்டினார். அம்பாசமுத்திரத்துக்கு இரண்டு பேர் எழுந்தார்கள். கோல் ஆற்றின் எதிர்த்திசையில் நகர்ந்தது, பாபநாசத்தைத் தொட்டதும் சூடுபட்டது போல விலகியது, பிறகு மலையேறி வளைவு வளைவாகப் போய் ஓரிடத்தில் நின்றது.

“மாஞ்சோலை,” என்றார்.

யாரும் இருமவில்லை.

“அங்கே இப்போ யாரும் இல்லையே?” என்றார் வைத்தீஸ்வரன்.

“அதான் ஐயா வசதி.”

“தரவு வேணுமே, தகவலாளி?”

“நம்ம பையனே மாஞ்சோலைதான். முத வருசமே அதப் பத்தி எழுதிக் கொண்டாந்தான். இன்னும் கொஞ்சம் பக்குவப்படட்டும்னு நாந்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்.” கலப்படம் ஐந்து வருடத்தில் கிளைமொழியாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. “அம்மா வந்திருக்காங்க போலயே. ஆணா இருக்கணும், ஊர விட்டு வெளிய வந்திருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. பரவாயில்ல, தளர்த்திக்கிடலாம். பல்லு இருக்குல்லா?”

சுடலைவடிவு எழுந்து நின்றார். யாரும் எழச் சொல்லவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு நின்றார்.

வைத்தீஸ்வரன் குரலை மிருதுவாக்கிக்கொண்டு, காது கேளாதவரிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “அம்மா. நீங்கள். என்ன பாஷை. பேசுகிறீர்கள்?”

“தமிழுதான் சார்.”

“அது சரி. ஆனா மத்தவாள மாதிரி இல்லாம, கொஞ்சம் வித்தியாசமா...”

“எங்க பக்கத்து லயன் வீட்டுல மலையாளத்துக்காரவுக இருந்தாக. அவுக எங்ககூடப் பேசுனாக, நாங்க அவுககூடப் பேசுனோம். வித்தியாசம் எதுவும் வரலயே. எட்டு மணிக்குக் கொழுந்து எடுக்கப் போவணும்னு ரெண்டு பேருக்கும் வெளங்குச்சு.”

அவர் அதையும் குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்பதை நான் பிறகு அறிக்கையில் படித்தேன்: “தாம் பேசுவது கிளைமொழி என்ற விழிப்புணர்வு தகவலாளியிடம் காணப்படவில்லை.”

“அப்போ,” என்று காசிலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார், “தலைப்பு ‘தாமிரபரணிக் கரைக் கிளைமொழி: மாஞ்சோலை’. நாலு இயலும் அப்படியே இருக்கட்டும், ஒப்பீட்டுக்கு. மேல ‘மொழி’ன்னு மாத்திரு. அஞ்சாவதா ஒண்ணு சின்னதாச் சேரு. திருத்தங்கள ஏத்துக்கிடுதேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடு. சாயங்காலமே பரிந்துரை போயிரும், திங்கட்கிழமை காகிதம் கையில இருக்கும்.”

பேனாவை நீட்டினார். பெருமாள்ராஜ் வாங்கவில்லை.

நான் அவனை அப்படிப் பார்த்ததில்லை. கருவியையும் படிவத்தையும் தூக்கிக்கொண்டு ஏழு மாதம் அலைந்தபோதும், சுடலைக்கண்ணு எழுந்து நின்றபோதும் கலங்காதவன். அந்த ஐந்து வரிப் பட்டியலை வைத்துக்கொண்டு, கல்லூரிக்கு முதல்நாள் வந்த பையன் தண்ணீர் எங்கே என்று கேட்கத் தெரியாமல் நிற்கிற மாதிரி நின்றான். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், இந்தப் பள்ளத்தாக்கிலேயே மொழி இல்லாதவர் ஒருத்தர்தான். அவர் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

“எம்மா,” என்றான். எங்கள் துறைக்குள் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “உன்னயத்தான் எழுதச் சொல்லுதாவ.”

“கேட்டேன். போட்டுக் குடுத்துட்டு வாய்யா.”

“என்னன்னு தெரியுமா?”

“என்னவா இருந்தா என்ன? கீழ எறங்கச் சொன்ன அன்னைக்கு எத்தன காயிதத்துல போட்டோம். ஒண்ணாவது நாம எழுதுனதா? இது பன்னெண்டாவது. போடு. அவுகளுக்குப் பசிக்கி.”

போட்டான்.

கைதட்டினார்கள். “முனைவர் பெருமாள்ராஜ்” என்று காசிலிங்கம் அறிவித்து, தன் பெயருக்கு முன்னால் உள்ளதையும் சேர்த்து ஒருமுறை சொல்லிக்கொண்டார். பந்தியில் வைத்தீஸ்வரனும் சுடலைக்கண்ணுவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். “செத்த ரசம் விடுங்கோ” என்று அவர் கேட்க, “மாமாக்கு ரசம், மாமாக்கு ரசம்” என்று இவர் குரல் கொடுத்தார். இருவருக்கும் சந்தோஷம். சகலை மகன் சாப்பிடாமல் போய்விட்டான். அன்றைக்கு நடந்ததில் குறை சொல்ல முடியாத பகுதி அது ஒன்றுதான்.

ஆய்வேடு திருத்தி, அட்டை போட்டு, நூலகத்துக்கு வந்தது. கிளைமொழி என்று ஒரு தட்டு அங்கே இல்லை. தேவைப்பட்டதும் இல்லை. இந்தக் கட்டடத்தில் யாருமே பேசாத ஒன்றைப் பற்றிய நூல் என்பதால் ஆபிதா பீவி அதைப் “பிறமொழிகள்” தட்டில், ஒரு ஜெர்மன் அகராதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதுவும் புதுக்கருக்குக் கலையாமல் இருக்கிறது.

பெருமாள்ராஜ் மாலைப் பிரிவில் சேர்ந்துவிட்டான். அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போவதில்லை. என்னோடு அவன் பேசுவதும் இல்லை. முறைத்துக்கொண்டெல்லாம் இல்லை. எதிரே வந்தால், “நலமா, துரை?” என்று வானொலிக் குரலில் கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

போன வாரம் எனக்கு வாய்மொழித் தேர்வுத் தேதி வந்தது. வேறு வழியில்லாமல் துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு விக்கிரமசிங்கபுரம் போனேன். முனைவர் ஒருவர் கேள்வி கேட்டால் மரியாதை. சுடலைவடிவு வாசலில் சேர் எடுத்துப் போட்டு, காப்பி கொண்டுவந்து கொடுத்தார். “நல்லாருக்கியாய்யா?” என்று கேட்டார். பெருமாள்ராஜ் சீட்டை வாங்கிப் படித்தான். “இந்த ஆய்வின் சமூகப் பயன் என்ன?” என்றுதான் எழுதியிருந்தேன். பதிலும் பின்பக்கத்தில் அதே பதில்தான்.

இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“கேக்கேன்,” என்றான். “உங்க மொழியில கேக்கவா, எங்க கிளைமொழியில கேக்கவால?”

காப்பி சூடாகத்தான் இருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.